காலிக் கட்டம்

"உங்க சர்வ்லெட்தான் அக்கா சரியில்ல. என் ஆப்லெட்ல ஒரு குறையும் கிடையாது!"

அவன் போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பரபரப்பு என்றுதான் அங்கே அவனுக்குப் பெயர். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். போன மாதம் நீண்ட லீவு முடிந்து வந்ததிலிருந்து டீ கப் வேறு கையை விட்டு இறங்குவதில்லை.

சர்வரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். ஊழியர்களின் லீவு விவரத்தை அக்கா எழுதிய சர்வ்லெட் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். அவன் எழுதிய ஆப்லெட் அதைப் பிரித்துத் திரையில் காட்டும். பெயர் வருகிறது, தேதி வருகிறது. 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலி!

மேனேஜர் காலையிலேயே கத்திவிட்டுப் போயிருந்தார். "மத்தியானம் மீட்டிங்ல எல்லாரும் பார்க்கப் பெரிய திரையில போடப்போறேன். எவன் எதுக்கு லீவு போட்டான்னு ஊருக்கே தெரியட்டும். காரணம் வரலைன்னா, யார் தப்போ அவங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்!"

"தம்பி, சர்வர்ல கோளாறுன்னு சொல்லிடு. திட்டு நான் வாங்கிக்கிறேன்," என்றாள் அக்கா.

"நல்லா இருக்கே! திரை என்னோடது. காலியாக் கிடந்தா என்னைத்தான் கேலி பண்ணுவாங்க. லீவுல போய்ட்டு வந்து எல்லாம் மறந்துட்டான்னு ஏற்கெனவே பேச்சு."

சர்வர் பக்கம் போய்ச் சோதித்தான். அனுப்புவதற்கு முன்னால் கட்டம் காலியா? இல்லை, நிரம்பித்தான் இருக்கிறது. ஆப்லெட்டில் வந்து இறங்கும்போது காலி. அப்படியென்றால் நடுவில் யார் முழுங்கியது?

அக்காவின் புரோகிராமையே திறந்தான். காரணம் என்ற வரிக்கு முன்னால் ஒரு வார்த்தை உட்கார்ந்திருந்தது. டிரான்சியன்ட். 'இதைப் பொட்டலத்தில் கட்டாதே' என்று அர்த்தம். கை தவறி விழுகிற வார்த்தையில்லை அது. வேண்டுமென்றே போட்டால்தான் உண்டு.

அவனுக்கு ரத்தம் கொதித்தது.

"அக்கா! கூடவே உட்கார்ந்துக்கிட்டு எனக்கே குழி பறிக்கிறீங்களா?"

"அதை எடுக்காத தம்பி. சொன்னாக் கேளு."

"ஏன் எடுக்கக் கூடாது?"

அக்கா சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா, பதிலே இல்ல! இன்னிக்கு சார்கிட்ட உங்க வண்டவாளம் மொத்தமும் தண்டவாளம் ஏறுது!"

வார்த்தையை அழித்தான். ஆப்லெட் முரண்டு பிடித்தது. அதனிடம் இருந்தது அந்தப் புரோகிராமின் பழைய பிரதி. மாற்றியதை அங்கேயும் போட்டு, பிரௌசரை மூடித் திறந்தான். வேடிக்கை பார்த்தவர்கள் மீட்டிங் அறைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

சோதனைக்கு ஒரு பெயர் வேண்டுமே? தன் பெயரையே தட்டினான்.

கட்டம் நிரம்பியது.

'குடிமறப்பு மையத்தில் சிகிச்சை.'

டீ கப் முதல் தடவையாகக் கையை விட்டு மேசைக்கு இறங்கியது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதானே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்! உண்மையை எழுதிக் கொடுத்தது லீவு கேட்டபோது மட்டும்தான், அதுவும் ஏதோ ஃபைலுக்குள் தூங்கிவிடும் என்று நினைத்து. அந்த விவரம் போய்ச் சேரும் இடம் அக்காவின் சர்வர் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அக்கா எழுந்து வந்து, வேறு யார் கண்ணிலும் படாதபடி திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"சீக்கிரம் மூடு தம்பி. சார் வர்றார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழித்த வார்த்தையை அவசர அவசரமாகத் திரும்ப அடித்து, கட்டத்தைப் பழையபடி காலியாக்கினான். கதவு திறந்தது.

"என்னய்யா, காரணம் வருதா? யாரோட தப்பு?"

"என்னோட..." என்று அக்கா ஆரம்பிப்பதற்குள் அவன் எழுந்து நின்றான்.

"அக்காவோட சர்வ்லெட்ல ஒரு குறையும் கிடையாது சார். என் ஆப்லெட்தான் சரியில்ல."