சாக்பீஸுக்குக் கீழே

மலை சரிந்து தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடிய பிறகு, ஐந்தாம் வகுப்பு ரேஷன் குடோனில் நடந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் மிஞ்சிய ஒன்பது பேரும் மலைப்பக்கச் சுவரை விட்டுத் தள்ளி, ஒருவரோடொருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். விட்ட இடத்தில் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் அடுத்த பாடம் புவியீர்ப்பு என்பதை செலின் டீச்சர் பார்த்தாள். மூடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள்.

“பூமி எல்லாத்தையும் தன் பக்கம் இழுக்கும். இப்பப் பாருங்க.”

“மலையையுமா டீச்சர்?” என்று மேகலா கேட்டாள்.

“மலையையும்தான்.”

“நம்ம மேல அதுக்குக் கோவமா?”

“இல்லம்மா. அதுக்கு ஒண்ணுமே தெரியாது.”

டீச்சர் விரல்களைத் தளர்த்தப் போனாள். அதற்குள் மேகலா எழுந்து வந்துவிட்டாள். சாக்பீஸுக்கு நேர் கீழே மண்டியிட்டு, வெறும் சிமெண்டுத் தரையை இரண்டு கைகளாலும் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“கீழ ஆளு யாரும் இல்ல டீச்சர். இப்ப விடுங்க.”

தூக்கிய கை கனத்தது. டீச்சர் விடவில்லை.