லைசென்ஸ் கிடைக்குமா?

"இந்த முதுகலையை முடிச்சா லைசென்ஸ் தருவாங்களா சார்?"

மகள் மூன்றாவது முறையாகக் கேட்டாள். மனநல ஆலோசகர் ஆவது அவள் கனவு. லைசென்ஸ் இல்லாமல் ஆலோசனை சொன்னால் கம்பி எண்ண வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சேர்க்கை அதிகாரி டையைச் சரிசெய்துகொண்டார். "எங்க கேம்பஸ்ல நீச்சல்குளம்கூட இருக்கும்மா."

"கேட்டியா!" அப்பா, தானே அதில் குதித்து நீந்திவிட்டு வந்தவர்போலப் பூரித்தார். "லைசென்ஸ் லைசென்ஸ்னு உயிரை வாங்குறியே, நீ என்ன லாரியா ஓட்டப்போறே? கட்டடத்தைப் பாரு, அரண்மனை!"

"லைசென்ஸ் தர்ற கவுன்சில்ல விசாரிச்சுட்டு நாளைக்கு வரலாம்ப்பா."

"நாளைக்கு சீட் இருக்காது" என்றார் அதிகாரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அப்பா, வீட்டை அடமானம் வைத்த பணத்துக்குச் செக் எழுதத் தொடங்கினார்.

"சார், முதல் பேட்ச்ல ஒருத்தர் தங்கப்பதக்கம் வாங்கினார்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்களே, அவர் இப்ப என்ன பண்றாரு?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்காரும்மா. தினமும் குடும்பம் குடும்பமா அவரைத் தேடி வர்றாங்க."

"இப்ப திருப்தியா?" என்றார் அப்பா.

அலுவலக உதவியாளர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "தங்கப்பதக்கம் சார், அடுத்த குடும்பம் வந்தாச்சு. உள்ள அனுப்பட்டுமா?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். மகள் அப்பாவின் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். அதற்குள் கையெழுத்து விழுந்திருந்தது.

அப்பாவின் முகமெல்லாம் பல்.

"பாத்தியாடி! தங்கப்பதக்கம் வாங்கினவரே நமக்கு அட்மிஷன் போட்டிருக்காரு!"