அறாத தொடர்பு

எங்கள் ஆபீஸில் கொஞ்ச நேரம் யாராவது சும்மா இருந்தால் போதும், பொது ஃபோல்டரோடு அவருக்கு இருக்கும் தொடர்பைச் சர்வர் துண்டித்துவிடும். உடனே என் மேஜைப் போன் அலறும். "சார், ஃபோல்டரக் காணோம்!" டீ குடித்துவிட்டு வந்தாலும் இதே பாட்டுதான்.

இன்று மதியம் சர்வரைப் பார்த்தேன். போன மாதம் இறந்துபோன கணக்குப் பிரிவு மேலாளரின் தொடர்பு மட்டும் ஒருமுறைகூட அறுந்திருக்கவில்லை. அவருடைய லேப்டாப்போ பேட்டரி கழற்றப்பட்டு என் பீரோவுக்குள் கிடக்கிறது.

இங்கேயே வேலை பார்க்கும் அவர் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணன் வேலைன்னு உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டார். போதும் சார், வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

துண்டித்தேன்.

உடனே என் போன் அலறியது. அதில் அவருடைய காலி மேஜையின் எண் தெரிந்தது.

"குடுங்க, நான் பேசுறேன்" என்று தங்கை கையை நீட்டினார்.