உப்புப் பார்த்தது

கேரளத்தில் கல் சுமந்துவிட்டு நான் ஊர் திரும்பியதால்தான், கொரோனா என்று எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். பின்னறையில் நான் தனியாக இருந்தேன். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் என் மனைவி புஷ்பம் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டாள். எங்கள் பக்கத்தில் பண்டிகைக்குச் சுடுகிறவள் வாயில் வைக்கமாட்டாள். முதல் முறுக்கை வீட்டுக்காரன்தான் தின்று உப்புப் பார்க்க வேண்டும். "பத்து நாளா சும்மா உக்காந்து தின்னீங்கல்ல, இந்த வேலையாவது பாருங்க" என்று கம்பியில் கோத்து நீட்டினாள். கடித்தேன். பல்லில் நொறுங்கியது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. போன வாரம் மேலத்தெரு சூசையை ஏற்றிப்போன ஆஸ்பத்திரி வண்டி அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. "உப்பு சரியா இருக்கு புள்ள" என்றேன். மகள் ஜெனோவா ஒன்றைக் கடித்துவிட்டுத் துப்பினாள். "யம்மா, உப்பே போடலியே! அப்பா நாக்கு என்ன மரக்கட்டையா?" என்று சிரித்தாள். புஷ்பம் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, தினமும் வரும் நர்சம்மா தகரத்துக்கு வெளியே நின்று சத்தமாகக் கேட்டார்: "அவருக்கு வாசனை, ருசியெல்லாம் தெரியுதாம்மா?" புஷ்பம் என்னைப் பார்த்தாள். "தெரியுது சிஸ்டர். இப்பத்தான் முறுக்கு தின்னாரு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளைப் பின்னால் இழுத்துவிட்டு, என் ஜன்னலை வெளியிலிருந்து சாத்தினாள். மாவில் உப்பைச் சேர்த்து மறுபடி பிசைந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் இரையும் சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான்.