ஒரு சில்லுக்காக

தச்சர் சவரிமுத்து வீட்டுப் பட்டறை மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் ஒரு மரச்சில்லைச் செருக ஆறு வருஷமாக அவருக்கு நேரமில்லை. பட்டறையை அழகாக்க ஸ்டூல், ஸ்டாண்டு என்று அதே மேசைமேல் வைத்துச் செய்து தள்ள மட்டும் நேரம் இருந்தது. கடைசியாகச் செய்த அலமாரி கோணிக்கொண்டு நின்றது.

"நீ ஆடித் தொலைச்சதாலதான் நான் கோணல்!" என்று அலமாரி சீறியது.

மேசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்துப் பொறந்த பயலே, வாயை மூடு! என் காலுக்கு ஒரு சில்லு வச்சிருந்தா நீ நேரா நின்னிருப்ப. அந்த மனுஷன்கிட்டப் போய்க் கேளு!"

சவரிமுத்து வந்து அலமாரியை ஆட்டிப் பார்த்தார். "இது காலுக்கு ஒரு சில்லு வச்சாப் போதும்" என்றபடி, சில்லு அறுக்க ஒரு கட்டையை மேசைமேல் வைத்தார்.

இத்தனை வருஷமும் மேசை தானாக ஆடியது. அன்றைக்கு வேண்டுமென்றே ஆடியது.