சிந்து போட்ட தரை

"சோபாவை ஆணி அடிச்சு வெச்சிருக்கியா? யாரைக் கேட்டு?"

டைரக்டர் ஹரிஷ்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது. தொம்மலூரில் இருந்த அவருடைய நாடகக் குழு, மூன்று வருடமாகப் போட்டியில் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த 1999-லாவது கோப்பையை வாங்கியே தீர வேண்டும். சாயங்காலம் நாடகம். இப்போது போய் இந்த சிந்து வம்பு செய்கிறாள்.

"நகர்ந்துடக் கூடாதுன்னுதான் சார்" என்றாள் சிந்து. பகலில் ஒரு கட்டட ஆபீசில் வரைபடம் போடுகிறவள். குழுவுக்கு இதுதான் அவளுடைய முதல் செட்.

"கொஞ்சம் திருப்பிப் போட்டாதான் கடைசி வரிசைக்கும் தெரியும். ஆணியைப் பிடுங்கு."

"நாற்பது நாள் ஒத்திகை பார்த்த இடம் சார். ஒரு இஞ்ச் நகர்த்தினாலும் நான் கிளம்பிடுவேன்."

"திமிரைப் பாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஹரிஷ்குமார் தரையைப் பார்த்தார். கதவுப் பக்கம் தேங்காய் நார் விரிப்பு. சோபாவுக்கு முன்னால் சாக்கு. மேடை விளிம்புக்கு ஓரடி முன்னால், விரிப்புத் துணிக்கு அடியில் நீளமாக ஒரு கயிறு.

"சபையில உட்கார்ந்திருக்கவங்களுக்குத் தரை தெரியவே தெரியாது. இதுக்கு ஏன் இத்தனை வேலை?"

"செட் பார்க்கறவங்களுக்கு மட்டுமில்ல சார், நடிக்கறவங்களுக்கும்தான். அப்புறம், யாரும் செருப்புப் போட வேண்டாம்."

"ராணி உத்தரவு போட்டாச்சு. சோபா அப்படியே இருக்கட்டும், செருப்பைக் கழட்டுங்கப்பா" என்றார் ஹரிஷ்குமார், வேறு வழியில்லாமல்.

கதாநாயகன் பாலசுப்ரமணியன்தான் முதலில் குனிந்தார். அறுபது வயது. அப்பா வேஷம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

சாயங்காலம், நாடகத்தின் கடைசிக் காட்சியில் விளக்குகள் அணைந்து, ஒன்றே ஒன்று மட்டும் எரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார். மேஜையைச் சுற்றினார். சோபாவைத் தாண்டினார். மேடை விளிம்பை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

முன்வரிசையில் ஒரு அம்மா பயத்தில் எழுந்தேவிட்டாள்.

விளிம்புக்கு ஓரடி இருக்கும்போது சட்டென்று நின்று, சபையை நேராகப் பார்த்து வசனத்தைச் சொன்னார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"தும்பா சென்னாகித்து" என்று கன்னடத்தில் பாராட்ட ஆரம்பித்த நடுவர் கோவிந்தப்பா, தமிழுக்கு மாறினார். "அவ்ளோ தூரம் நடந்தாரு, ஒரு தடவகூடக் கீழ பார்க்கல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்ல."

முதல் பரிசு. சிறந்த நடிகர் பரிசும் பாலசுப்ரமணியனுக்கே. ஹரிஷ்குமார் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். சிந்துவைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

அவள் மேடையில் தனியாக ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாலசுப்ரமணியன் மெதுவாக வந்து, தன் பரிசை அவள் கையில் வைத்தார்.

"என்ன சார் இது? உங்க பரிசு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆறு மாசமா எனக்குப் பார்வை போயிட்டிருக்கு. தெரிஞ்சா வேஷம் போயிடும்னு வீட்லகூடச் சொல்லல. உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"