கிழங்கு வைத்தியம்

"சோறு வேணாங்க. சோத்தைத் தொடவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக."

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் ஆத்தா செவந்தி இப்படிச் சொன்னதும், பெண்ணைப் பெற்ற அமராவதி பதறிப்போனாள்.

பதறமாட்டாளா பின்னே? சம்பந்தம் பிடிக்காவிட்டால் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவினால்தான் காரியம் முடிந்தது என்று அர்த்தம். வல்லத்திராக்கோட்டையில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அதுவும் எந்தச் சோறு! முந்தின வருஷம் மழை பொய்த்து ஊரே அரிசிக்கு அலைந்த நேரம். வீட்டில் இருந்ததெல்லாம் ஆடி விதைப்புக்கான நெல்லை வைக்கோல்புரி சுற்றிக் கட்டிவைத்த விதைக்கோட்டை ஒன்றுதான். மகள் ராசாத்திக்கு நல்ல இடம் அமைந்தால் போதும், வயலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைச் சோறாக்கக் கொல்லையில் பிரித்துப் போட்டுவிட்டு, "இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்ல ஓடிவந்திருந்தாள் அமராவதி.

அவள் தலையைச் செவந்தி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சோறு வேண்டாம் என்றாள். தலைகூட வாராமல் வந்து நிற்கிறோமே, அதில் குறை கண்டுவிட்டாளோ என்று அமராவதி கூசிப்போனாள்.

"அடுப்புல சீனிக்கிழங்கு வேகுதோ? வாசம் தூக்குதே. அதையே குடுங்க."

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் புராணத்தை. கண்ணுக்கு நல்லதாம். மலக்கட்டு போகுமாம். ஒடம்புக்குத் தெம்பாம். தோலோடு தின்றால்தான் சத்தாம். அவள் புருஷன் பெரியண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். செவந்தி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

வேண்டாம் என்றால் நேரே சொல்லித் தொலைய வேண்டியதுதானே, இதற்கு எதற்கு ஒரு டாக்டர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் அமராவதி தட்டை வைத்தாள். செவந்தி தோலோடு தின்று முடித்தாள். செம்பை வாங்கி எல்லாரும் பார்க்கக் கையைக் கழுவினாள்.

"மதினி, நாங்க கை நனைச்சாச்சு. தையில கல்யாணத்தை வச்சுக்கிருவோம்."

அமராவதி அழுதேவிட்டாள்.

பிரித்த கோட்டையை அன்றைக்கே மறுபடி கட்டிவைத்தார்கள். ஆடியில் விதைத்தார்கள். அந்த வருஷம் மழையும் ஏமாற்றவில்லை. செவந்தி பேச்சை நம்பி வீட்டில் தினமும் கிழங்கு வெந்தது. அமராவதியின் புருஷன் சேவுகனுக்கு நாள்பட்ட மலக்கட்டு நிஜமாகவே தீர்ந்தது. சம்பந்தி வைத்தியமே வைத்தியம் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தையில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. எல்லார் இலையிலும் புதுநெல்லுச் சோறு. செவந்தி இலையில் மட்டும் பாசத்தோடு கிழங்கைக் குவித்தாள் அமராவதி.

பெரியண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவளுக்குக் கெழங்கு ஆகவே ஆகாதுங்க தங்கச்சி. அன்னைக்கு ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துட்டா."

"அப்ப அந்த டாக்டரு?" என்றாள் அமராவதி.

செவந்தி கிழங்கை ஓரமாக ஒதுக்கினாள்.

"அன்னைக்கு ஒங்க கொண்டையில வைக்கோல்புரித் துணுக்கு ஒண்ணு தொங்குச்சு மதினி. ஆடி பொறக்குமுன்ன விதைக்கோட்டையப் பிரிச்சு ஆக்குற சோறு எனக்குச் செரிக்குமா? அந்த வெதை வெளஞ்ச சோத்த இப்பப் போடுங்க, வயிறு முட்டத் திங்கிறேன்."